மதுக் களஞ்சியமும் வன்னிப் பனைவளமும்

பாரியின் பறம்பு நாட்டு வளத்தைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில், நிலத்திற் புதைத்து முதிரவைத்த கள்ளைப் பற்றிய குறிப்பு வருகின்றது. ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய பாட்டில், மலைக்குறவர் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை உண்டு மகிழ்ந்தமை கூறப்படுகின்றது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய பாட்டிலோ, யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறல் பொற்கிண்ணத்தில் ஏந்தப்படுகின்றது. இம்மூன்றையும் படிப்போர் அக்காலத்தவர் உண்டாட்டையே பெரிதும் நினைப்பர். ஆயினும் இவை மூன்றும் களஞ்சியத்தைப் பற்றிய செய்திகளுமாகும். நிலத்தின் கீழ் வெயிலும் பனியும் மாறிமாறித் தாக்குவதில்லை. ஆதலின் புதைத்த சாடி ஒரே தண்மையில் இருக்கும். மூங்கிற் கணு இயற்கையே அமைத்துக் கொடுத்த மூடிய பாத்திரம். யவனர் கலமோ பல மாதக் கடற் செலவுக்கென வடிவமைக்கப்பட்டது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைச் சாடிகளின் உடைவுகள் வெளிப்பட்டன. குடித்தவரும் குடிக்கப்பட்டதும் மறைந்தபின் எஞ்சி நிற்பது சேமித்த பாத்திரமே.

கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரம் வகுத்த திருவள்ளுவரைப் போற்றும் ஒரு கல்லூரியின் மலரிலே கள்ளின் களஞ்சியத்தைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். குடித்தல் வேறு, குடும்பத்தின் சீவனோபாயம் வேறு. நாள்தோறும் இருமுறை பனையேறி இறங்கும் ஒருவனுடைய உழைப்பின் பயன், அவன் இறங்கிய பின் ஒரு கொட்டகையிற் காத்திருக்கும் சில மணிநேரத்தில் நின்றோ அழிந்தோ போகின்றது. அந்தச் சில மணிநேரத்தைப் பற்றிய ஆராய்ச்சி பொருளியலுக்கும் இரசாயனத்துக்கும் உரியது. அறநூலோடு அதற்குப் பகையில்லை.

களஞ்சியம் என்ற சொல் பொதுவாக நெல்லை நினைவூட்டும். நெற் களஞ்சியத்தில் வைத்த பொருள் எலியும் பூச்சியும் ஈரமும் அணுகாதிருப்பின் வைத்தபடியே இருக்கும். ஆணியும் சீமெந்தும் விற்கும் கடையின் களஞ்சியத்தில், எத்தனை உள்ளன என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாற் போதும். மதுவகைகளின் களஞ்சியமோ இவற்றினின்றும் வேறானது. அங்கே வைத்த பொருள் தானாக மாறிக்கொண்டேயிருக்கும், சில நன்மையாக மாறும், சில தீமையாக மாறும், அளவிலும் குறையும். ஆகவே அக்களஞ்சியக்காரன் 'எவ்வளவு' என்பதோடு 'எவ்வளவு காலமாக' என்பதையும் எழுதல் வேண்டும். இரண்டாவது கேள்வியை மறந்த பதிவேடு, அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருப்பினும், பயனற்றதே.

திராட்சை மது செய்யும் நாடுகள் இவ்வுண்மையை நெடுங்காலப் பட்டறிவாற் கற்றுக்கொண்டன. போர்த்துக்கல்லில் தூரோ ஆற்றின் மேற்பள்ளத்தாக்கிலே விளையும் திராட்சையிலிருந்து போட் எனப்படும் மது ஆக்கப்படுகின்றது. அப்பள்ளத்தாக்குக் கோடையிற் கொதிக்கும் நிலம். எனவே அங்கே பிழிந்த மதுவை ஆற்றின் வழியே கீழே கொண்டுவந்து, கடற்காற்றுப் படும் வில்லா நோவா தே கையா என்னும் ஊரின் களஞ்சியங்களில் முதிரவைத்தனர். 1926 ஆம் ஆண்டு முதல் 1986 ஆம் ஆண்டு வரை ஏற்றுமதிக்குரிய போட் மது அவ்வூரிலிருந்தே புறப்படல் வேண்டும் என்று சட்டமும் இருந்தது. விளையும் இடம் வேறு, வைக்கும் இடம் வேறு என்பதை அவர்கள் தெளிவாக வகுத்தனர். நிலவறைகளில் வெப்பநிலை ஏறத்தாழ 12 அல்லது 13 பாகை செல்சியசில் மாறாதிருக்க வேண்டுமென்பதும், தக்கையிட்ட போத்தலைக் கிடையாக வைத்தால் தக்கை உலராது காற்றுப் புகாது என்பதும் அவர்களுடைய பாலபாடம். இசுப்பானியாவின் ஹெரேஸ் நகரத்தார் ஷெறி மதுவுக்குப் பீப்பாக்களை வரிசை வரிசையாக அடுக்கி, மிகப் பழைய வரிசையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அந்தக் குறையை அடுத்த வரிசையினின்றும், அதன் குறையை அதற்கடுத்ததினின்றும் நிரப்புவர். முதலில் வந்தது முதலிற் போகட்டும் என்னும் கடைக்காரர் விதி அங்கே செல்லாது. பழையது ஒருபோதும் முழுவதும் வெளியேறாமையே அவ்வமைப்பின் நோக்கம்.

ஈழத்தில் திராட்சை மதுச் செய்கை மிகச் சிறியது. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928 ஆம் ஆண்டு தோன்றிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தார் திராட்சை இரசமும் நெல்லி இரசமும் ஆக்கிப் பெயர் பெற்றனர். வன்னிப் பெருநிலத்தைப் பொறுத்தமட்டில் மது என்றால் கள்ளே. பூநகரியிலும் கண்டாவளையிலும் முள்ளியவளையிலும் பனைகள் நிற்கின்றன. பச்சிலைப்பள்ளியில் அவற்றோடு தென்னையும் செழித்துள்ளது. வவுனியாவின் குளத்து நிலங்களுக்குச் செல்லச் செல்லப் பனை அருகும். ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் வடவன்னியைக் குறித்ததாகும்.

பாளையைச் சீவியவுடன் சொட்டுகின்ற நீர் இனிப்பானது. நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை வெல்லம் அதிலுண்டு. முட்டியினுள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது நொதியாமல் கருப்பநீராகவே இறங்கும். கருப்பட்டிக்கும் கற்கண்டுக்கும் அதுவே முதல். சுண்ணாம்பு இல்லையெனில், காற்றிலும் முட்டியின் சுவரிலும் உள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர் மரத்தின் உச்சியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். அது வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கும். சில மணிநேரத்திற் கள் நுரைத்தெழும். மதுசாரம் நூற்றுக்கு 5 பங்கை ஒட்டி நிற்கும். அதன்பின் இன்னொரு கூட்டம் வருகின்றது. காற்றை விரும்பும் ஒருவகைப் பற்றீரியாக்கள் மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக மாற்றும். ஒருநாள் கழிந்த கள்ளிலே புளிப்பு மேலோங்கும். மேலும் காத்திருந்தால் அது காடியாகிவிடும். வெப்பநிலை 10 பாகை ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. கள் மிகுதியாக இறங்கும் காலமோ வன்னியில் வெயில் 30 பாகையைக் கடந்து எரிக்கும் காலமே.

போட் மதுவுக்கும் பனங்கள்ளுக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலப்படும். போட் மது ஆற்றில் மிதந்து வந்து பல ஆண்டுகள் குளிர்ந்த இடத்திற் காத்திருக்கும். கள் காத்திராது. மதுவைக் களஞ்சியத்துக்குக் கொண்டு போகலாம். கள்ளுக்கோ களஞ்சியம் மரத்தடிக்கு வரல் வேண்டும். இதனை உணராமல் நகரத்தில் ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பி, அதற்குத் திறப்புவிழாவும் செய்து, கள் அங்கே வந்து சேரட்டும் என்று இருப்போர் கட்டியது காடிக் களஞ்சியமேயன்றி வேறில்லை.

முன்னர் வடபகுதியில் மரவரி முறை நிலவியது. சீவல் தொழிலாளி தான் சீவும் மரத்துக்கு வரி செலுத்தித் தன் கள்ளைத் தானே விற்றான். அம்முறையிலே களஞ்சியம் என்று தனியே ஒன்றில்லை. அவனுடைய குடிசையே களஞ்சியம், அவனுடைய நினைவே பதிவேடு. எந்த முட்டி எந்த மரத்தது, எப்போது இறங்கியது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். 1970 களிற் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபின் பலருடைய கள் ஓரிடத்திற் சேர்க்கப்பட்டுத் தவறணைகள் வாயிலாக விற்கப்படலாயிற்று. தொழிலாளிக்கு அதனாற் பெரும் பாதுகாப்புக் கிடைத்தது, ஐயமில்லை. ஆனால் முன்பு ஒருவன் தலையில் இருந்த அறிவு, நாற்பது ஐம்பது பேருடைய கள் ஒரே பீப்பாவிற் கலந்தபோது, எவர் தலையிலும் இல்லாமற் போனது. கூட்டுறவு வந்தபோது எழுத்தும் உடன் வந்திருக்க வேண்டும். பணக் கணக்கை எழுதுவதில் யாரும் தவறுவதில்லை, பரிசோதகர் அதைக் கேட்பார். நேரக் கணக்கை அவர் கேட்பதில்லை.

சேகரிக்கும் கொட்டகையிற் செய்யத்தக்கவை பெரும் பொருட்செலவுக்குரியன அல்ல. கொண்டுவருவோன் பெயர், அளவு என்னும் இரு நிரல்களோடு, இறக்கிய நேரம் என்ற மூன்றாவது நிரல் ஒன்றைப் பதிவேட்டிற் சேர்த்தல் வேண்டும். காலைக் கள்ளும் முன்னாள் மாலைக் கள்ளும் தனித்தனிக் கலத்தில் நிற்றல் வேண்டும். புதியதைப் பழையதோடு கலப்பவன் பழையதைக் காப்பாற்றுவதில்லை, புதியதையும் கெடுக்கின்றான். பழையதிலுள்ள பற்றீரியாக் கூட்டம் புதியதில் உடனே குடியேறிவிடும். அரைப் பீப்பாவாகக் கள்ளை நிறுத்தலும் ஆகாது. மேலே உள்ள வெற்றிடத்துக் காற்றே புளிப்புக்கு உணவாதலால், ஒரே வயதினவாகிய இரண்டு அரைக் கலங்களை ஒரு முழுக் கலமாக்கலாம். எனினும் நுரைக்கின்ற கள்ளை இறுக மூடக்கூடாது. உள்ளே எழும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்றேல் கலம் வெடிக்கும். திராட்சை மதுச் செய்வோர் மூடியிலே வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்தி அதில் நீர் விடுவர். உள்வாயு குமிழியிட்டுப் போகும், வெளிக்காற்று உள்ளே வராது. இதனைச் செய்ய எவ்வூர்த் தகரவேலைக்காரனும் போதும்.

கலங்களின் சுத்தத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். அடிமண்டி சிறிது கிடந்தால் அடுத்த கள் விரைவில் 'ஏறும்' என்று மகிழ்வோர் உளர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. மண்டியில் மதுவம் மிகுதி. ஆனால் அதே மண்டியிற் புளிப்புப் பற்றீரியாவும் உண்டு. நண்பனை அழைத்தபோது திருடனும் கூட நுழைகின்றான். கொதிநீரில் அலம்பி வெயிலிற் கவிழ்த்த கலத்திலே தொடங்கும் கள் அரைமணி தாமதித்து ஏறினாலும், பல மணிநேரம் கூடுதலாக நிற்கும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்தல் நன்று. மதுசாரம் நூற்றுக்கு 5 ஆக உள்ள 1000 லீற்றர் கள்ளிலே 50 லீற்றர் மதுசாரம் உண்டு. அதனை வடித்து நூற்றுக்கு 40 என்னும் வலிமையுள்ள சாராயமாக்கினால், வடிப்பில் நேரும் இழப்பை விட்டு, 125 லீற்றர் கிடைக்கும். அதே கள் வழியிற் காத்திருந்து மதுசாரம் 4 ஆகக் குறைந்தால் 100 லீற்றரே கிடைக்கும். ஐந்திலொரு பங்கு போயிற்று. ஆனால் வாசலிற் கள்ளை அளந்தவன் பதிவேட்டில் அன்றும் 1000 லீற்றர், இன்றும் 1000 லீற்றர். அளவை மட்டும் எழுதும் பதிவேடு இவ்விழப்பைக் காட்டாது; காட்டாத இழப்புக்குக் காரணமானவரும் அகப்படார். முடிவில் அது கள்ளின் விலைக்குறைப்பாக மாறி, பனையில் ஏறியவன் மீதே இறங்கும். வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தோர் இல்லாத சீவல் ஊர் அரிது. அவ்வளவு அபாயத்தில் இறக்கியதைக் கொட்டகையின் கவனக்குறைவு வீணாக்குதல் எவ்வாற்றானும் பொறுக்கத்தக்கதன்று.

புளிப்பை அளத்தலும் கடினமான காரியமன்று. குறித்த அளவு கள்ளிலே பினோத்தலீன் சில துளி விட்டுச் சோடியமைதரொட்சைட்டுக் கரைசலால் நியமிக்கும் சோதனையை உயர்தர வகுப்பு மாணவன் எவனும் செய்வான். மதுசாரத்தை அளக்க நீரமானியைக் கள்ளில் நேரே இட்டுப் பயனில்லை. எஞ்சிய வெல்லம் அடர்த்தியைக் கூட்டிப் பொய் சொல்லும். சிறிதளவு கள்ளை வடித்தெடுத்து, வடிநீரை முன்னைய கனவளவுக்கு நிரப்பி, அதிலே நீரமானியை மிதக்கவிடல் வேண்டும். அயலிலுள்ள பாடசாலை ஆய்வுகூடமும் கூட்டுறவுச் சங்கமும் கைகோக்குமாயின், மாணவருக்கும் உயிருள்ள பாடமாகும்.

கள்ளின் வரவு ஆண்டு முழுவதும் ஒரேயளவாக இருப்பதில்லை. பெரும்பாலும் மாசி தொடங்கி ஆவணி வரை பனையின் காலம். அதன் நடுவிலே வெள்ளம்போல் வரும், முன்னும் பின்னும் துளித்துளியாக வரும். குடிப்போர் தொகையோ பருவத்தோடு ஏறி இறங்குவதில்லை. எனவே வெள்ளக்காலத்தின் உபரிக்கு முன்கூட்டியே வழி வகுத்தல் வேண்டும். அன்றைய தவறணை விற்பனைக்கு இவ்வளவு, போத்தலுக்கு இவ்வளவு, வடிசாலைக்கு இவ்வளவு என்று காலையிலேயே பிரித்தால் ஒவ்வொன்றும் உரிய நிலையிற் போகும். நடைமுறையிலோ விற்று மிஞ்சியதே வடிசாலைக்கு என்ற மனப்பான்மை எளிதில் வேரூன்றும். மாலையில் மிஞ்சியது மறுநாட் காலையில் வண்டியேறினால், மேலே காட்டிய 125 உம் 100 உம் ஆகிய கணக்கே நிகழும். பூநகரியில் மிஞ்சிய கள்ளை வடமராட்சித் திக்கம் வடிசாலைக்கு அனுப்புவதாயின், 2011 ஆம் ஆண்டு தை மாதம் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் வழியைச் சுருக்கியுள்ளது. முள்ளியவளைக் கள் அதே இடத்துக்குச் செல்வதாயின் பரந்தன் வந்து, ஆனையிறவைக் கடந்து, குடாநாட்டின் வடகோடி வரை போதல் வேண்டும். வண்டியின் வேகத்தைக் கூட்டுவதிலும், வடிகலத்தை மரத்துக்கு அருகே கொண்டுவருவதிலும் எது நன்று என்பது வன்னிச் சங்கங்கள் தீர்மானிக்க வேண்டிய முதற் கேள்வியாகும். சிறு வடிகலத்துக்கு மதுவரி அனுமதியும் காவலும் பெறுவது எளிதன்று. ஆனால் தாமதத்தில் ஆண்டுதோறும் ஆவியாகும் பணத்தைக் கணக்கிட்ட பின்னரே எளிதன்று என்ற சொல்லைக் கூறுதல் முறை. வெகுதூரத்திற் சிதறிய சிலருடைய கள்ளை வேண்டுமென்றே காடியாக்கி விற்பதும் ஒரு வழியே. தற்செயலாகப் புளித்தால் நட்டம். திட்டமிட்டுப் புளித்தால் சரக்கு.

போத்தலில் அடைத்த கள்ளின் வரலாறு பிரான்சிலே தொடங்குகின்றது. மது ஏன் கெடுகின்றது என்று ஆராய்ந்த லூயி பாஸ்ச்சர் 1866 ஆம் ஆண்டு தம் நூலை வெளியிட்டார். 50 முதல் 60 பாகை வரை சூடாக்கினால் நுண்ணுயிர்கள் மடியும், மதுவின் சுவை பெரிதும் மாறாது என அவர் காட்டினார். இன்று பாலுக்குப் பயன்படும் முறை மதுவுக்காகவே முதலில் ஆராயப்பட்டதென்பது பலர் அறியாதது. அவ்வாறு சூடாக்கி அடைத்த கள் மாதக்கணக்கில் நிற்பதால், களஞ்சியம் என்ற பெயருக்கு உரிய முதற் கள் அதுவே. இங்கே கடைக்காரர் விதி செல்லும்: முதலில் அடைத்தது முதலிற் போதல் வேண்டும். புதிய பெட்டிகளைப் பழையவற்றின் முன்னே அடுக்கும் சோம்பல் எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொதுவான நோய். பின்புறம் நிறைத்து முன்புறம் எடுக்கும் இருவாயில் அமைப்பு இருப்பின் அந்நோய்க்கு இடமில்லை.

இதில் எவரும் எண்ணாத இருப்பு ஒன்றுண்டு. அது வெறும் போத்தல். கள் தினமும் வரும், போத்தல் வராது. திரும்பி வரும் போத்தலில் உடைந்தவை எத்தனை, கழுவத் தகாதவை எத்தனை, தவறணைகளிலே தங்கியவை எத்தனை என்று எழுதாத சங்கம், வெள்ளக்காலத்தின் நடுவில் ஆயிரம் மூடியோ சில கட்டுச் சுட்டுத்துண்டோ இல்லாமையால் அடைப்பை நிறுத்தும். விலைமிக்க பொருளைக் காத்தவன் ஓர் அற்பத் தகர மூடியாலே தோற்பான். வெள்ளக்காலத்து ஒருநாளில் அதிகமாக அடைக்கக்கூடிய போத்தல் எத்தனை, மூடி வந்துசேர எத்தனை நாட் செல்லும் என்னும் இரண்டையும் பெருக்கினால், கையிருப்பு எவ்வளவிற்குக் குறையுமுன் கட்டளை அனுப்புதல் வேண்டுமென்பது தெரியும். நாளொன்றுக்கு 800, வந்துசேரப் 12 நாள் என்றால் 9600, அவ்வளவே. இக்கணக்கு ஆறாம் வகுப்புக்கு உரியது. செய்வோர் தொகைதான் குறைவு.

சாராயத்துக்கு வரும்போது களஞ்சியத்தின் இயல்பு மீண்டும் மாறுகின்றது. கள் மணிக்கணக்கில் அழிய, சாராயம் ஆண்டுக்கணக்கில் முதிர்கின்றது. ஈழத்தில் இதற்குரிய பீப்பாக்கள் சாவண்டலை மரத்தாலே செய்யப்பட்டன. சிங்களத்தில் அல்மில்ல எனப்படும் இம்மரம் வன்னி உள்ளிட்ட வரண்ட வலயக் காட்டு மரம். திருகோணமலை மரம் என்ற பெயரோடு ஏற்றுமதியாகிச் சென்னையிற் படகு கட்டவும் அது பயன்பட்டது. மரப்பீப்பாவை வெறுமையாகக் கிடக்கவிட்டால் பலகை உலர்ந்து இடைவெளி விடும். நிரப்பிய சாராயம் நிலத்துக்குப் போகும். ஆதலால் வெற்றுப் பீப்பாவையும் நீர் நிறைத்தே வைத்திருப்பர்.

ஒழுகாத பீப்பாவும் குறையும். மரத்தின் நுண்துளை வழியே சாராயம் ஆவியாகின்றது. பிரான்சின் கொன்யாக் நிலவறைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பங்களவு இவ்வாறு போகும்; 1000 லீற்றர் 12 ஆண்டில் 785 லீற்றராகும். வெப்ப நாடுகளில் இழப்பு இதனிற் பன்மடங்கு. பெங்களூரில் விசுக்கி முதிரவைப்போர் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வரையும் அதற்கு மேலும் இழக்கின்றனர். 10 என்று கொள்ளினும் 1000 லீற்றர் 5 ஆண்டில் 590 லீற்றராகும். இதனால் வெப்பநாட்டிலே நெடுங்காலம் முதிரவைத்தல் பெருமையன்று, செலவு. எத்தனை ஆண்டுடன் நிறுத்துவது என்பதைக் குறையும் அளவையும் ஏறும் விலையையும் ஒப்பிட்டே முடிவுசெய்தல் வேண்டும். களஞ்சியத்தின் கூரைக்கு ஓலை வேய்வதா தகரம் போடுவதா என்ற சிறு கேள்வியும் இக்கணக்கினுள் அடங்கும். தகரக் கூரையின் கீழ் மதியம் நின்று பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் குற்றவாளியாக நிறுத்தப்படும் இடமும் இதுவே. பதிவேட்டுக்கும் பீப்பாவுக்கும் வேறுபாடு காணப்பட்டால் உலகம் முதலில் திருட்டையே நினைக்கும். திருட்டு இல்லையென்பதன்று, ஆனால் திருட்டில்லாமலும் குறையும் வழிகள் உண்டு. தூய மதுசாரம் 10 பாகை வெப்பம் ஏறினால் 1000 லீற்றருக்கு ஏறத்தாழ 11 லீற்றர் விரியும். சாராயத்தில் இது சற்றுக் குறைவு. மதியவேளையில் கோல்விட்டு அளந்து ஏற்ற இருப்பை மறுநாள் விடியலில் அளந்தால் சில லீற்றர் காணாமற் போயிருக்கும். போனது வெப்பமே. ஆதலின் அளக்கும்போது வெப்பநிலையையும் எழுதி, ஒரே நியம வெப்பநிலைக்குத் திருத்துதல் வேண்டும். இன்னும் வியப்பானது கலப்பிலே நேரும் சுருக்கம். 50 லீற்றர் தூய மதுசாரத்தோடு 50 லீற்றர் நீரைச் சேர்த்தால் 100 லீற்றர் வராது; 96 அல்லது 97 லீற்றரே வரும். நீரின் மூலக்கூறுகளும் மதுசாரத்தின் மூலக்கூறுகளும் தனித்தனியே நின்றதினும் நெருக்கமாகப் பொருந்திக்கொள்வதே காரணம். இதையறியாத பரிசோதகர் முன் அறியாத பொறுப்பாளர் நின்றால், இயற்கை எடுத்துக்கொண்டதற்கு ஒரு மனிதன் வேலையை இழப்பான். எனவே லீற்றரை எழுதுவதிலும், அதனுள் அடங்கிய தூய மதுசாரத்தின் அளவை எழுதுவதே செம்மையான முறை. வெப்பத்திருத்தம் செய்த அவ்வளவு, நீர் சேர்த்தாலும் மாறாது. கலப்பிற் கனவளவு சுருங்கினாலும் மாறாது.

வன்னி விவசாயிக்கு இச்செய்தி முற்றிலும் புதியதன்று. ஈரப்பதன் நூற்றுக்கு 18 உள்ள 100 கிலோ நெல்லை, நெற் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 வரை உலர்த்தினால் 95 கிலோவே நிற்கும். இரணைமடுக் குளத்தின் கீழ் விதைத்தவர் எவரும், காணாமற்போன அந்த 5 கிலோவுக்காக அயலவனைச் சந்தேகித்ததில்லை. வெயில் குடித்தது என்பர். நெல்லுக்கு வழங்கும் இந்நீதி சாராயத்துக்கும் வழங்கப்படல் வேண்டும். அதற்கு ஒவ்வொரு களஞ்சியமும் தன் பீப்பாக்களை மாதந்தோறும் அளந்து, தன் கூரையின் கீழ் இயல்பாக எவ்வளவு குறைகின்றது என்பதைச் சில ஆண்டுகளுக்கேனும் எழுதி வைத்திருத்தல் வேண்டும். அவ்வெழுத்திருப்பின் இயல்பான குறைவு இது, இதற்கு மேற்பட்டது விசாரணைக்குரியது என்று கோடு கிழிக்கலாம். அஃதில்லாவிடின் நேர்மையானவனும் திருடனும் ஒரே நிறமாகத் தெரிவர்.

அரசுக்கும் இக்களஞ்சியத்திற் பங்குண்டு. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இலங்கையில் மதுவாக்கத்தையும் விற்பனையையும் அனுமதிப்பத்திரத்தின் கீழ்க் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் வரி செலுத்தாத மதுவை வைக்கும் களஞ்சியத்துக்கு முன்னர் இரு பூட்டுகள் இருந்தன. ஒன்றின் திறப்பு வணிகனிடம், மற்றையதன் திறப்பு அரசு அலுவலரிடம். இருவரும் கூடினாலன்றிக் கதவு திறவாது. வரியும் சரக்கு வெளியேறும் நாளிலேயே செலுத்தப்பட்டது. முதிரும் காலத்தில் முதலை முடக்காதிருக்க இது பேருதவி. இரட்டைப் பூட்டின் பொருள் அவநம்பிக்கை என்று கொள்ளுதல் வேண்டா. ஒருவர்மேல் மட்டும் பழி வராமற் காப்பதும் அதுவே. சிறிய சங்கத்துக் கொட்டகையிலும் அளப்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர் என்று வகுத்தால் அதே பயன் கிட்டும்.

இவையனைத்துக்கும் முற்பட்ட இருப்பொன்று மரமாக நிற்கின்றது. 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலே வன்னியின் பனைகள் எறிகணையால் தலையிழந்தன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குற்றிகளாகத் தறிக்கப்பட்டன. அதன் கீழ் வாழ்ந்தோரும் இடம்பெயர்ந்து, 2010 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே படிப்படியாக மீண்டனர். விதைத்த பனை பாளை தருவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும். மீள்குடியேற்றத்தோடு ஊன்றிய வடலிகளுட் சில இப்போதுதான் ஏறும் பருவத்தை அடைகின்றன. மற்றவற்றுக்கு இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். ஆகவே ஒரு சங்கத்தின் முதற் பதிவேடு கொட்டகையில் எழுதப்படுவதன்று. எக்காணியில் எத்தனை ஆண்பனை, எத்தனை பெண்பனை, ஊன்றிய ஆண்டு எது, இவ்வாண்டு எவர் சீவுகின்றார், ஓய்வில் விடப்பட்டவை எவை என்று காணி காணியாக நடந்து எழுதப்படல் வேண்டிய பதிவேடு அது. அடுத்த மாசியில் எத்தனை பீப்பா வேண்டும், எத்தனை மூடி வாங்க வேண்டும், வடிகலம் எங்கே நிற்க வேண்டும் என்பனவெல்லாம் அதிலிருந்தே கணிக்கப்படும். அதனை எழுதுவதற்கு ஏற்ற காலம், பாளை வருமுன், மாரி ஓய்ந்து நிலம் உலரும் தை மாதமாகும்.